பீடிக்கு அபராதம் போட்டால் போதுமா?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். இருபது பேர் வேலை பார்க்கிறார்கள். பாதிப் பேருக்குப் பீடி, சிலருக்குப் புகையிலை. பீடி குடித்தால் சம்பளத்தில் நூறு ரூபாய் அபராதம் என்றேன். இப்போது சுவருக்குப் பின்னால் போய்க் குடிக்கிறார்கள். மூன்று பேர் மட்டும், ‘விடணும்னு பாக்குறோம், முடியலண்ணே’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த மூன்று பேரிடமிருந்து தொடங்குங்கள். முதலாளியிடம் வந்து ‘முடியல’ என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

வேலையிடத்தில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. அதனால் கட்டுப்பாடு இருக்கட்டும். அபராதத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒளிந்து குடிப்பவர் உங்களிடம் உதவி கேட்டு வரமாட்டார். லோடு ஏற்றும் நாளில் டீயோடு பீடிக்கட்டும் வாங்கித் தரும் வழக்கம் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள்.

ஐஸ் அறையில் நிற்பவர்கள் ‘குளிருக்கு இதமா இருக்கு’ என்பார்கள். உண்மையில் பீடியில் இருக்கும் நிக்கோடின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, விரல் இன்னும் சில்லிடத்தான் செய்யும். இதை வாயால் சொன்னால் மட்டும் எடுபடாது. நல்ல கையுறையும் சூடான டீயும் கொடுத்துச் சொல்லுங்கள்.

பீடியை விடும் நாளை மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு போகாது, உங்களுக்கும் வேலை குறைவு. எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் சில நாள் கடுமையாக இருக்கும், பெரும்பாலும் நாலு வாரத்தில் அடங்கிவிடும். அதற்காக ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சும்மா இருக்கும் கை பீடியைத்தான் தேடும். மராமத்து வேலை கொடுங்கள், ராத்திரி ஷிப்ட் வேண்டாம்.

1800-11-2356 அரசின் இலவச உதவி எண். வேலை நேரத்திலேயே, உங்கள் அறையில் தனியாக உட்கார்ந்து பேச விடுங்கள். டாக்டர் நிக்கோடின் சூயிங்கம் எழுதித் தந்தால் செலவைக் கம்பெனி ஏற்கட்டும். அதை மென்றுகொண்டே இருக்கக் கூடாது, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். புகையிலை போடுபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை!

பணத்தைப் பரிசாகக் கொடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் 878 ஊழியர்களிடம் நடந்த ஆய்வு 2009ல் வெளியானது. பரிசுத்தொகை அறிவிக்கப்பட்டவர்களில் 14.7 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், மற்றவர்களில் 5 சதவீதம்தான். யாராவது மறுபடி தொட்டுவிட்டால் திட்டாதீர்கள், அடுத்த தேதி என்ன என்று கேளுங்கள்.

அப்புறம், உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், நான்காவது ஆளாக அன்றைக்கே சேர்ந்துகொள்ளுங்கள்.