கடிபட்ட சினைமாட்டுக்கும் பண்ணை நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி

கேள்வி: சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் கீரைப் பண்ணை வைத்திருக்கிறேன். இரண்டு காவல் நாய்கள் உண்டு. அவற்றுக்கு வெறிநோய் ஊசி கட்டாயமா? ஊரிலிருந்து ஒரு சிப்பிப்பாறை நாயையும் கொண்டு வர ஆசை. இன்னொன்று, புதுக்கோட்டைப் பக்கம் தம்பி வளர்க்கும் சினைப்பசுவை மூன்று நாளைக்கு முன் தெருநாய் மூக்கருகே கடித்துவிட்டது. சிறு காயம்தான் என்கிறான். என்ன செய்வது?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரம், முதலில் அது. மூக்கு மூளைக்கு அருகில் இருப்பதால் முகத்துக் கடியில் நோய் சீக்கிரம் தலைகாட்டும். காயம் சிறிதா பெரிதா என்பது பொருட்டல்ல. தம்பியிடம் இன்றே சொல்லுங்கள்: கையுறை போட்டுக்கொண்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, போவிடோன் அயோடின் தடவ வேண்டும். மூன்று நாள் ஆனாலும் கழுவலாம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் அப்பக் கூடாது, அவை புண்ணை இன்னும் ரணமாக்கும். தையலும் வேண்டாம்.

அடுத்து ஊசி. மொத்தம் ஐந்து: 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில். முதல் ஊசி போடும் நாளே 0. அது மாதத்தின் 1ஆம் தேதி என்றால் மற்றவை 4, 8, 15, 29. ஒவ்வொரு முறையும் 1 மி.லி. இது செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன மருந்து, சினைமாட்டுக்கும் போடலாம். கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போக முடியாவிட்டால் கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழைக்கட்டும்.

ஊசி போட்டும் மாடு போய்விட்டது என்று புலம்புபவர்களை விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு காரணம் தெரியவரும். புண் ஆறியதும் மூன்றாவது ஊசியோடு நிறுத்தியிருப்பார்கள். அல்லது மருந்தைச் சட்டைப்பையில் போட்டு வெயிலில் கொண்டு வந்திருப்பார்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில்தான் அது இருக்க வேண்டும், உறையவும் கூடாது.

மூன்று மாதமாவது மாட்டைக் கவனிக்க வேண்டும். எச்சில் ஒழுகல், ஓயாத கதறல், விழுங்க முடியாமை, பின்னங்கால் தள்ளாட்டம் தெரிந்தால் தனியே கட்டிவிட்டு மருத்துவரை அழைக்கட்டும். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கைவிடுவதுதான் பலர் செய்யும் ஆபத்தான வேலை. பச்சைப்பால் யாருக்கும் வேண்டாம், கன்று ஈன்றால் சீம்பாலும் அப்படியே குடிக்கக் கூடாது. மூன்று நாளாகத் தம்பி வெறுங்கையால் காயத்தைத் தொட்டிருந்தால், குறிப்பாகக் கையில் கீறல் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

இனி சிங்கப்பூர். இங்கே 1953 முதல் வெறிநோய் இல்லை. அதனால் உள்ளூர் நாய்க்கு இந்த ஊசி பொதுவாகக் கட்டாயமில்லை. கட்டாயமானவை உரிமமும் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். ஆனாலும் உங்கள் காவல் நாய்களுக்குப் போட்டுவிடுவதே என் ஆலோசனை. 2015-ல் மலேசியாவின் வடமாநிலங்களிலும் 2017-ல் சரவாக்கிலும் நோய் தலைகாட்டியதைப் பார்த்தோமே. மூன்று மாதம் முடிந்த நாய்க்கு முதல் ஊசி, அதன்பின் மருத்துவர் குறிக்கும் தேதியில் மறு ஊசி.

சிப்பிப்பாறையைக் கொண்டு வர வரிசை முக்கியம். முதலில் மைக்ரோசிப், அதன் பிறகுதான் ஊசி. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசியை எந்த நாயோடு பொருத்திக் காட்டுவது? அந்தச் சான்று செல்லாது. பின்னர் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி மி.லி.க்கு 0.5 பன்னாட்டு அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஊசி போட்ட மறுவாரமே ரத்தம் எடுத்தால் அந்த அளவு வராமல் போய், திரும்ப எடுக்க நேரும். விலங்குநல மருத்துவச் சேவையிடம் இறக்குமதி உரிமம் பெற்று, தனிமைப்படுத்தும் நிலையத்தில் இடமும் முன்பே பதிய வேண்டும். இடம் கிடைத்த பிறகு விமானச் சீட்டு எடுங்கள். மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக ஒளித்துக் கொண்டு வரலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள்: 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்க்கும் எண்ணமிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், அங்கே பொதுவாகச் சிறிய நாய் இனங்களுக்கே அனுமதி.