கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: 2012-இல் வாங்கிய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டிருக்கிறேன். பழைய மானிட்டர் போய்விட்டது. 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் வாங்கினேன். அதில் எச்டிஎம்ஐ போர்ட் மட்டும்தான். என் கம்ப்யூட்டரிலிருந்து பழைய வகை விஜிஏ கேபிள்தான் வருகிறது என்பதால் கடையில் ஒரு கன்வர்ட்டர் கொடுத்தார்கள். படம் வருகிறது, ஆனால் 1024×768-க்கு மேல் போகவில்லை. எழுத்தெல்லாம் இழுத்துவைத்த மாதிரி மங்கலாக இருக்கிறது. "லினக்ஸுக்கு ஒத்துவராது, கிராபிக்ஸ் கார்டு போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காலத்து இன்டெல் கம்ப்யூட்டர்களில் கூடவே வந்த கிராபிக்ஸே ஃபுல் எச்டியை, அதாவது 1920×1080-ஐ, தாராளமாகத் தாங்கும்.

எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும் என்ற விவரத்தை ஒவ்வொரு மானிட்டரும் தனக்குள் வைத்திருக்கிறது. இடிஐடி (EDID) என்று பெயர். அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். கேபிள் வழியே கம்ப்யூட்டர் இதைப் படிக்கும். படிக்க முடியாவிட்டால், வம்பு வேண்டாமென்று லினக்ஸ் பெரும்பாலும் 1024×768-இல் நின்றுவிடும். உங்களுக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். விஜிஏவில் இந்த விவரம் போவது 12, 15 ஆகிய இரண்டு பின்களில் (கேபிள் முனையில் உள்ள ஊசிகளில்). மலிவான கேபிள், கன்வர்ட்டர் சிலவற்றில் இந்தக் கம்பிகளை இணைப்பதே இல்லை. படம் வரும், விவரம் வராது. கழற்றிப் பார்க்கும்போது 9-ஆவது பின் இல்லையே என்று பயப்படாதீர்கள், நல்ல கேபிள்கள் பலவற்றிலும் அது இருக்காது.

முதலில் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். நீல நிற விஜிஏவுக்குப் பக்கத்தில் அகலமாக, வெள்ளையாக ஒரு டிவிஐ போர்ட் இருந்தால் உங்கள் கவலை தீர்ந்தது. டிவிஐ–எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று போதும், கன்வர்ட்டரே தேவையில்லை. ஒலி அதில் வராமல் போகலாம். ஸ்பீக்கரை வழக்கம்போல் தனியே செருகிக்கொள்ளுங்கள்.

டிவிஐ இல்லையா? கன்வர்ட்டரில் தொங்கும் யுஎஸ்பி வாலைச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதற்கு மின்சாரம் தேவை. பிறகு தெரிந்தவரிடம் நல்ல விஜிஏ கேபிள் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் (xrandr) என்ற கட்டளையால் 1920×1080-ஐ நாமே சேர்க்கவும் முடியும். அதற்கு வேண்டிய எண்களை சிவிடி (cvt) கட்டளை கணக்கிட்டுத் தரும். ஆனால் மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டால் அது மறைந்துவிடும், தொடக்கத்திலேயே ஓடும்படி வைக்க வேண்டும். கேபிளைச் சரிபார்க்காமல் இதில் இறங்குவது எனக்குச் சம்மதமில்லை.

கேபிள் மாற்றியும் சரியாகவில்லையென்றால் குறை கன்வர்ட்டரில். ஃபுல் எச்டி வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள் என்றால், பில்லோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மாற்றி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு, எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றுவது வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றுக்குப் பதில் மற்றது வேலை செய்யாது.