பக்கெட் பிரியாணி பத்துப் பேருக்குக் காணுமா?

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வந்து நண்பர்கள் சேர்ந்து சாப்பிடும் கூட்டாஞ்சோறு பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கே: மொட்டை மாடியில் பத்துப் பேர் கூடினோம். மற்றவர்கள் பச்சடி, வறுவல், பாயசம் என்று கொண்டு வந்தார்கள். பிரியாணி என் பொறுப்பு. 'ஒரு கிலோ பக்கெட், பத்துப் பேர் சாப்பிடலாம்' என்று சொல்லி விற்றார்கள். நாலாவது ஆளுக்கே அடி தெரிந்துவிட்டது. தப்பு என் மேலா?
- வாசகி, திருச்சி

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லையம்மா. விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் வாளியின் அடியைக் கரண்டி சுரண்டும்போது வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கிலோ பிரியாணி என்றால் சமையல்காரர் கணக்கில் ஒரு கிலோ அரிசி போட்டு ஆக்கியது. வெந்தால் சோறு மட்டுமே இரண்டரைக் கிலோ வரும். கறியும் சேரும்போது எட்டிலிருந்து பத்துப் பேருக்குக் காணும். உங்களுக்கு வந்தது, சோறும் கறியும் சேர்ந்தே ஒரு கிலோ. இனி 'அரிசி எவ்வளவு, கறி எவ்வளவு' என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். இப்போதைக்கு பில்லையும் 'பத்துப் பேருக்கு' என்ற விளம்பரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நண்பர்கள் சாப்பாட்டுக்குப் போய் புகாரா என்று கூச்சப்படாதீர்கள்.

கே: எல்லோரும் கொண்டு வரும் குழம்பைச் சூடாக வைக்க ஐந்து லிட்டர் ஹாட்பாக்ஸ், பொருட்காட்சியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், ஈரோடு

ப: வேண்டாம். நானும் பொருட்காட்சியில் அப்படி ஒன்று வாங்கினேன். இரண்டாவது மாதமே உள்ளே இருக்கும் எவர்சில்வருக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஆட்டினால் களக் களக்கென்று சத்தம். எவ்வளவு தேய்த்தும் புளித்த வாடை போகவில்லை. பில்லில் முகவரி இல்லை, பொருட்காட்சி முடிந்ததும் கடையும் இல்லை. 1,400 ரூபாய் போனது போனதுதான்.

வருஷத்துக்கு இரண்டு தடவை கூடுவதற்கு வாடகைப் பாத்திரக் கடை போதும். எடுக்கும்போதே ஒவ்வொரு நசுங்கலையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸைத் திருப்பி வாங்கும்போது உதவும்.

கே: என் பங்கு இனிப்பு. ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி, வீட்டுத் தராசில் நிறுத்தேன். இனிப்பு 890 கிராம், அட்டைப் பெட்டி 110 கிராம். கேட்டால், 'எல்லாக் கடையிலும் இப்படித்தான்' என்கிறார்.
- வாசகி, சேலம்

ப: நிறுத்துப் பார்த்தீர்களே, ரொம்ப சந்தோஷம். பல வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். கிலோ 800 ரூபாய் என்றால் அந்த அட்டைக்கு நீங்கள் கொடுத்தது 88 ரூபாய். தீபாவளி நேரத்தில் ஒரு கடையில் ஒரு நாளைக்கு ஐந்நூறு பெட்டி போகிறது என்று வையுங்கள். 55 கிலோ அட்டை, மைசூர்பாகு விலைக்கு விற்கிறது! நெய் விலை ஏறிவிட்டது என்றால் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூட்டிச் சொல்லட்டும், கொடுப்போம். எடையில் கை வைக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி எடை என்றால் நிகர எடை, பெட்டி அதில் சேராது. 'எல்லாக் கடையிலும்' என்பது பதிலே இல்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். காலிப் பெட்டியை முதலில் தராசில் வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். சுழியம் வந்த பிறகு இனிப்பை அடுக்கட்டும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் நகராதீர்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் எடையளவு அவர்கள் பொறுப்பு.

கே: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஃபேமிலி பேக் ஐஸ்கிரீம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?
- வாசகர், கோவை

ப: டப்பாவில் அச்சடித்திருப்பதை வீட்டில் படித்த நீங்கள், கடையிலேயே படித்திருக்கலாமே? எதன் மேல் வழக்கு? ஐஸ்கிரீம் என்றால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். ஃப்ரோசன் டெசர்ட்டில் தாவர எண்ணெய்க் கொழுப்பு. சாப்பிடலாம், கெடுதல் இல்லை. ஆனால் இலவசம் என்ற எழுத்தைப் படித்த கண் பக்கத்து எழுத்தையும் படிக்க வேண்டும்.

கே: பளபளவென்று கோட்டிங் போட்ட பேப்பர் தட்டு மலிவாகக் கிடைக்கிறது...
- வாசகர், வேலூர்

ப: பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வாழை இலை வாங்குங்கள்.

கே: எனக்குச் சமைக்க வராது. கடையில் வாங்கிக் கொண்டு போனால் தப்பாக நினைப்பார்களா?
- வாசகர், சென்னை

ப: நினைக்க மாட்டார்கள். பில் கேட்டு வாங்குங்கள். அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு மோர் கொண்டு வர யாருக்கும் தோன்றுவதில்லை. இரண்டு லிட்டர் வாங்கிப் போங்கள்.