எச்சில் சுரப்பிக் கல்: இந்த முறை வந்த கேள்விகள்

சாப்பிட உட்கார்ந்தாலே தாடைக்குக் கீழே ஒரு பக்கம் வீங்குகிறது, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. கல்லாக இருக்குமா டாக்டர்?

பெரும்பாலும் கல்தான். சாப்பாட்டு வாசனை பட்டதுமே சுரப்பி வேலையைத் தொடங்கிவிடும், வழி அடைத்திருப்பதால் எச்சில் பின்னால் தேங்குகிறது. பத்தில் எட்டு கல் இந்தத் தாடைக்கீழ்ச் சுரப்பியில்தான் வரும். அதன் எச்சில் கெட்டி, எச்சிலை வாய்க்குக் கொண்டுவரும் குழாயான நாளமோ கீழிருந்து மேலே ஏறுகிறது. அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், சில கற்கள் அதில் தெரியவே தெரியாது.

எனக்குக் கல் இருக்கிறது. எண்டோஸ்கோபியில் எடுக்கலாமா?

எந்தச் சுரப்பி, எத்தனை மி.மீ., நாளத்தில் எந்த இடம்? மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? பொதுவாகச் சொல்கிறேன். எண்டோஸ்கோபி என்றால் நாளத்துக்குள் கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது, அந்தக் குழாயின் தடிமன் ஒரு மி.மீ. சொச்சம்தான். தாடைக்கீழ்ச் சுரப்பி என்றால், நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள், நடுவில் இரண்டு சின்ன மேடு தெரியும். அந்த மேட்டில் இருக்கும் ஊசிமுனைத் துளையை மெல்ல விரித்துத்தான் உள்ளே போக வேண்டும். 3, 4 மி.மீ. வரையுள்ள, அசையக்கூடிய கல் என்றால் கம்பிக் கூடையில் பிடித்து இழுத்துவிடலாம். அதைவிடப் பெரிதானால் முதலில் லேசரால் உடைக்க வேண்டியிருக்கும்.

7 மி.மீ. கல், நாக்கடியில் விரல் வைத்தாலே தட்டுப்படுகிறது. ஆனால் சுரப்பியையே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

இதைப் படித்தாலே எனக்குக் கோபம் வருகிறது, போன முறையும் இதையேதான் புலம்பினேன். விரலுக்குத் தட்டுப்படும் கல்லை வாய்க்குள்ளேயே நாளத்தைச் சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம், பல பேருக்கு மரத்துப்போகும் ஊசியே போதும். சுரப்பியை எடுப்பதென்றால் கழுத்தில் வெட்டு, தழும்பு, அதோடு கீழுதட்டை அசைக்கும் நரம்பு, நாக்கின் உணர்ச்சி நரம்பு, நாக்கை அசைக்கும் நரம்பு மூன்றும் பக்கத்திலேயே ஓடுகின்றன. உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு; கல் இருந்ததோ நாளத்தின் வாயிலேயே! 'பல வருஷமாக அடைத்திருக்கிறது, சுரப்பி செத்துப்போயிருக்கும்' என்பார்கள். அப்படி முடிவுகட்ட முடியாது, கல் போனபின் மறுபடி சுரக்கத் தொடங்கும் சுரப்பிகள் நிறைய. கல் சுரப்பியை ஒட்டி ஆழத்தில் இருந்தால்கூட, கேமராவின் வெளிச்சத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து வாய்வழியாக எடுக்கும் வழி இருக்கிறது. சுரப்பியை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சுரப்பிக்குள்ளேயே புதைந்த கல், திரும்பத் திரும்பச் சீழ், மற்ற வழியெல்லாம் பார்த்தாயிற்று என்றால் சரி. அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள், இந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறவரிடம் இன்னொரு கருத்து கேளுங்கள்.

கல்லின் நுனி வெள்ளையாகத் தெரிகிறது. ஊசியால் நெம்பி எடுத்துவிடலாமா?

கூடாது. ஊசி, பல்குச்சி எதுவும் கூடாது, எத்தனை தடவைதான் சொல்வது!

வீக்கம், காய்ச்சல், சீழ். நாளைக்கே எண்டோஸ்கோபி செய்துகொள்ளட்டுமா?

வேண்டாம். புண்ணாகியிருக்கும் நாளம் எளிதில் கிழியும். முதலில் ஆன்டிபயாடிக், நிறையத் தண்ணீர், சில வாரம் ஆறவிட்டு அப்புறம் கேமரா. ஆனால் நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

இதற்காக வேண்டாம். கல்லில் கால்சியம் உண்டுதான், ஆனால் இந்தக் கல் வந்தவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாயை உலரவைக்கும் அலர்ஜி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எண்டோஸ்கோபி முடிந்து வந்தேன், கன்னம் முன்பைவிடப் பெரிதாக வீங்கிவிட்டது. ஏதாவது தப்பு நடந்துவிட்டதா?

வழி தெரிய உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டேதான் உள்ளே போவோம், அந்த நீர்தான் இது. ஒன்றிரண்டு நாளில் வடிந்துவிடும். புளிப்பு மிட்டாய் சப்பி, சுரப்பியை மெல்ல முன்பக்கமாக நீவிவிடுங்கள்.

வலியே இல்லை, சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை, காதுக்குக் கீழே கட்டி மாதிரி ஆறு மாதமாக இருக்கிறது. கல் கரைய மருந்து சொல்லுங்கள்.

கல்லைக் கரைக்கும் மருந்து என்று ஒன்று கிடையாது. உங்களுடையது கல் மாதிரியும் தெரியவில்லை. ஆறு மாதம் சும்மா இருந்தது தப்பு, இந்த வாரமே நேரில் காட்டி ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.