ஒலிப்பதிவுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்?

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 11 கணினியில் பாடல்களைப் பதிவு செய்கிறேன். கட்டண ஆன்டிவைரஸ் ஒன்றை நிறுவியதிலிருந்து பதிவின் நடுவே ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. அதை நீக்கிவிடலாமா?

பதில்: தாராளமாக நீக்கலாம், ஆனால் பாதுகாப்பே இல்லாமல் விட்டுவிடாதீர்கள். விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், வேறு ஆன்டிவைரஸ் வந்தால் ஒதுங்கிக்கொண்டு, அது போனதும் தானாகவே செயல்படத் தொடங்கும். வீட்டு ஒலிப்பதிவுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளக்கும்படி (48,000 ஹெர்ட்ஸ்), பஃபரை, அதாவது ஒரு துண்டில் சேரும் அளவீடுகளின் எண்ணிக்கையை, 128 என்று வைத்துப் பதிவு செய்தால், ஏறத்தாழ 2.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை கணினி அடுத்த ஒலித்துண்டைத் தந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஆன்டிவைரஸ் குறுக்கிட்டு, திறக்கப்படும் ஒவ்வொரு சாம்பிள் (பாடலில் சேர்க்கும் தயார் ஒலித்துணுக்கு) கோப்பையும் சோதித்தால், துண்டு தாமதமாகி நீங்கள் கேட்கும் அந்தச் சத்தம் எழக்கூடும். ஆகவே, விண்டோஸ் செக்யூரிட்டியின் அமைப்புகளில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ (சோதனையிலிருந்து விலக்கு) பகுதிக்குச் சென்று, பாடல் பதிவாகும் ஃபோல்டரையும் சாம்பிள்கள் உள்ள ஃபோல்டரையும் மட்டும் சேருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், ஏனெனில் ஆபத்து பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. முழுச் சோதனையைப் பதிவு இல்லாத நேரத்தில் நடத்துங்கள்.

இதன் பிறகும் சத்தம் நிற்காவிட்டால், வைஃபையை அணைத்துப் பாருங்கள். அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் இதே தொல்லையைத் தருவதுண்டு.

‘கிராக்’ செய்த (உரிமப் பூட்டை உடைத்த) பிளகின்களை, அதாவது ஒலிப்பதிவு மென்பொருளுடன் இணையும் துணை மென்பொருட்களை, நிறுவுவதற்காக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். பாடல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அந்தப் பிளகின்களில் ஒளிந்து வரலாம். வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, கணினியிலிருந்து கழற்றியே வையுங்கள்.