மோரிஸ் எருதும் பத்தடி லாரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். ஈசூனில் வீடு. பழைய லாரியின் சிஓஇ (இந்த ஊரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமச் சான்று) முடிந்ததால் புதிதாக ஒரு இசுசு பத்தடி லாரி எடுத்திருக்கிறேன். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் கிளார்க்காக இருந்தவர், மோரிஸ் மைனர் வைத்திருந்தார். கார் போய் எவ்வளவோ காலமாயிற்று. பானெட்டிலிருந்து கழற்றிய சின்னம் மட்டும் சாமி அலமாரியில் இருக்கிறது. அதில் ஒரு சிவப்பு மாடு. அப்பா அதை நந்தி என்பார். கார் ஓடிய நாளில் வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பார். அதை லாரியில் பொருத்த ஆசை. "சாமிகிட்ட இருந்ததை ரோட்டுக்குக் கொண்டுபோவீங்களா?" என்கிறாள் மனைவி. "இசுசுவில் மோரிஸா, பொய்யில்லையாப்பா?" என்று மகன் சிரிக்கிறான். வேண்டுமானால் ஸ்டியரிங் நடுவில் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறான். புள்ளி புள்ளியாக அரித்துவிட்டதால் ஜோகூரில் ஒரு கடையில் புதுக் குரோம் போடக் கொடுத்திருக்கிறேன், முன்பணமும் கட்டியாயிற்று. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளையும் அவர்களே வெட்டித் தருவார்களாம். நான் செய்வது சரியா?

ம., ஈசூன்

அன்புள்ள ம.,

பொருத்துங்கள். இதில் பொய் எங்கே வந்தது? பத்தடி லாரியைப் பார்த்து மோரிஸ் மைனர் என்று ஏமாறுகிற ஆள் சிங்கப்பூரில் வண்டி ஓட்டவே கூடாது. உங்கள் மனைவி சொல்வதை மதிக்கிறேன், ஆனால் அந்த நந்தி ரோட்டில் இருந்தபோதுதான் பொட்டு வாங்கியது. ஸ்டியரிங் நடுவில் மட்டும் வேண்டாம். ஏர்பேக் வெடித்து விரிந்தால் அந்த உலோகத் துண்டு நேராக உங்கள் முகத்துக்கு வரும். ஸ்டியரிங்கில் ஒட்டும் அலங்காரச் சின்னங்களைப் பற்றி 2024இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கையே விட்டது. முகப்பு நடுவிலும் யோசித்து ஒட்டுங்கள். சில புதிய வண்டிகளில் ரேடார் அங்கேதான் ஒளிந்திருக்கிறது, உலோகம் அதன் கண்ணை மறைத்துவிடும்.

அவ்வளவுதான். இனி நான் எதற்காகப் பதில் எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். எதற்கு ஐயா குரோம்?

போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள், எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் காலத்துச் சின்னங்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அச்சில் வார்த்து, மேலே செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கடுக்காகப் பூசியவை. மேல்பூச்சில் ஊசிமுனைத் துளை விழுந்தால் போதும், நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்து அடியிலிருக்கும் துத்தநாகத்தைப் பொங்க வைக்கும். நீங்கள் சொல்லும் புள்ளிகள் அவைதான். புதுப் பூச்சு ஏற வேண்டுமென்றால் பழையதை அமிலத்தில் கரைத்து எடுக்க வேண்டும். குழிகளைத் தேய்த்து, செம்பு நிரப்பி, சக்கரத்தில் பிடித்து மெருகேற்ற வேண்டும். எருதின் கொம்பு மழுங்கிவிடும், சிவப்பு போய்விடும். உங்கள் அப்பா வெள்ளிதோறும் வைத்த சந்தனம் அந்த வரிப்பள்ளங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுவும் அந்தத் தொட்டியோடு சரி. இதற்கா காசு கொடுக்கிறீர்கள்?

அது நந்தி அல்ல என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆக்ஸ்ஃபர்டு நகரத்தின் எருது, நீலமும் வெள்ளையுமான அலைகளைக் கடக்கிறது. மோரிஸ் தொழிற்சாலை அந்த நகரத்தை ஒட்டிய கௌலியில் இருந்தது. 1948இல் வெளிவந்த மைனர்தான் பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். அத்தனை வண்டியிலும் ஒரு சின்னம் இருந்தது. இன்றும் அதற்குப் புதுசாகச் செய்த உதிரி பாகங்கள் விற்கிறார்கள். பளபளப்புதான் வேண்டுமென்றால் அதில் ஒன்றை வாங்கி ஒட்டிவிட்டுப் போங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். செம்பவாங்கில் ஒரு கிளார்க் பொட்டு வைத்த எருது எந்தக் கடையிலும் கிடைக்காது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சில வாரங்களுக்கு முன்பு அண்ணன் மகள் எங்கள் தாத்தா படத்தைக் கைப்பேசியில் ஏற்றி, நிறம் கொடுத்து, சிரிக்கவும் வைத்துக் காட்டினாள். வீட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அவர் போனதும் அப்பா அதைச் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கக் கொடுத்தார். ஸ்டுடியோக்காரர் தாராள மனசுக்காரர். கோட்டும் டையும் மாட்டி, கன்னத்து அம்மைத் தழும்பைச் சுத்தமாகத் துடைத்துத் தந்தார். பாட்டி பிரேமைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்தத் துரையை நான் கட்டிக்கலியே" என்றாள். படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, கட்டைவிரல் அளவு அடையாள அட்டைக்கு மல்லிகைச் சரம் சுற்றினாள். அப்பா அவமானத்தில் வாசலுக்குப் போய்விட்டார். அவரும் ஆசையாகத்தான் செய்தார், உங்களைப் போல.

கோயிலைப் புதுப்பிக்கவில்லையா என்று மடக்குவீர்கள். நல்ல கேள்விதான். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827இல் வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை வண்ணம் பூசிக் குடமுழுக்குச் செய்கிறார்கள், 2023 பிப்ரவரியில்கூட நடந்தது. அங்கே அன்றாடம் பூசை நடக்கிறது. மழையும் வெயிலும் தின்றதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அது நிற்கும். உங்கள் லாரியும் அந்தக் கணக்குத்தான், வருஷா வருஷம் பெயின்ட் அடியுங்கள். ஓட்டம் முடித்த சின்னத்துக்கு அந்த வேலை இல்லை. அதைப் புதுப்பிக்கிற வழியை உங்கள் அப்பாவே காட்டிவிட்டார்: வாரம் ஒரு பொட்டு.

இந்த ஊர் நம்மை இப்படிப் பழக்கிவிட்டது என்றும் தோன்றுகிறது. 1975இலேயே காரைப் பத்து வருஷத்துக்குள் கழித்தால் சலுகை என்றார்கள். 1990இல் சிஓஇ வந்தது. இடமில்லாத ஊர், வேறு வழியில்லை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டிக்கு வயசாவதை நாம் பார்த்ததே இல்லை. துரு என்றால் பதறுகிறோம். பக்கத்தில் ஜோகூரில் துருப்பிடித்த பழைய வண்டி சந்தைக்கு மீன் ஏற்றிப் போகும், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீங்களோ அதே ஜோகூருக்குத் துருவை எடுக்கப் போகிறீர்கள்!

ஆணிகளை வெட்டவும் விடாதீர்கள். ஆணி மறையும் அளவு தடிமனான அக்ரிலிக் பலகை ஒன்றில் துளை போட்டு, சின்னத்தை அதில் இறுக்குங்கள். லாரியில் துளை போட வேண்டாம், துரு அங்கிருந்துதான் தொடங்கும். கதவில் கடைப்பெயருக்குக் கீழே ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, இருபக்கமும் ஒட்டும் நுரைப்பட்டையால் பலகையை ஒட்டுங்கள். மூன்று நாள் லாரியைக் கழுவாதீர்கள், பட்டை முழுதாகப் பிடிக்க அவ்வளவு ஆகும். இந்த லாரிக்கும் காலம் முடியும்போது மீன்பிடி நரம்பால் நுரையை அறுத்தால் எருது முழுசாகக் கையோடு வந்துவிடும். மகனை அறுக்கச் சொல்லுங்கள்.

கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தருவாரா என்று தெரியாது, போனால் போகட்டும். இன்னும் அமிலத்தில் போட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இப்போதே போன் செய்து நிறுத்திவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஜோகூருக்குப் போகும் காஸ்வே பாதையில் நகரவே முடியாது, வியாழக்கிழமையே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

அன்புடன்.