கீழ் அரைவட்டத்தில் மூடினால் மைனஸ் எங்கிருந்து வருகிறது?

மெய் அச்சின் மேலுள்ள தொகையீட்டைக் கீழ் அரைவட்டம் போட்டு மூடும்போது எச்சத் தேற்றத்தில் (மூடிய பாதையின் மேலுள்ள தொகையீட்டை, உள்ளே சார்பு முறிகிற புள்ளிகளின் ‘எச்சம்’ என்ற எண்களைக் கூட்டிக் கற்பனை அலகின் 2பை மடங்கால் பெருக்கித் தருவது) ஏன் ஒரு மைனஸ் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதையின் திசைதான் காரணம். 1/இசட் சார்பை (இசட் என்பது சிக்கலெண்) அலகு வட்டத்தின் மேல் தொகையிட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு சிறு நகர்விலும் சேர்வது கோண மாற்றம் பெருக்கல் கற்பனை அலகு, அவ்வளவுதான், அதனால் இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிராக) ஒரு சுற்று வந்தால் கற்பனை அலகின் 2பை மடங்கு கிடைக்கும், வலஞ்சுழியாக வந்தால் கோணம் குறைந்துகொண்டே போவதால் அதே விடை மைனஸில் வரும்.

சரி, இப்போது மெய் அச்சில் இடமிருந்து வலமாகப் போய்க் கீழ்வழியாகத் திரும்புங்கள். விரலால் வரைந்தாலே தெரியும், அது வலஞ்சுழி. தேற்றமோ இடஞ்சுழிக்குச் சொன்னது, அதனால்தான் மைனஸ். நான் இதை மனப்பாடம் செய்வதில்லை. பாதையில் நடந்தால் உட்பகுதி இடக்கைப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்; இருந்தால் பிளஸ், இல்லையென்றால் மைனஸ். இரு வட்டங்களுக்கு இடைப்பட்ட வளையப் பகுதியின் உள்வட்டத்தை வலஞ்சுழியாக எடுப்பதும் இதனால்தான்.